நாலாவது ஆள்

காவிரிக்கரையில் தையல்நாயகி அம்மாவின் மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. காவி வாங்கப்போகிறவர் தன்னிடம் மிஞ்சியிருக்கும் கடைசிப் பணத்தை முதல்நாளே விருப்பப்படி செலவழித்துவிட வேண்டும். எதற்குச் செலவானது என்று அம்மா கேட்பார். அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் காவி கிடைப்பதும் கிடைக்காததும்.

பொன்னுரங்கத்துக்கு அறுபது வயது. அம்மாவைவிடப் பதினெட்டு வருடம் மூத்தவர். துறையூரில் பேர்பெற்ற கட்டட மேஸ்திரி. வீடு, நிலம் எல்லாவற்றையும் மனைவி மரகதத்தின் பேருக்கு எழுதிவைத்துவிட்டு வந்தவர், நான்கு வருடமாக மடத்துச் சுவர்களைப் பூசிக்கொண்டிருந்தார். காவிக்காக அவர் ஏங்கிய ஏக்கம் மடத்து நாய்க்குக்கூடத் தெரியும். போன வருடம் கடைசிப் பணத்தை உண்டியலில் போட்டதாகச் சொன்னார். அம்மா எழுந்து போய்விட்டார். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

இந்த வருடம், பக்தர் ஒருவர் கையில் திணித்துவிட்டுப்போன ஐந்நூறு ரூபாய் இருந்தது. அதை ஆற்றில் விட்டுவிடப் போவதாக அம்மாவிடம் சொன்னார். இதற்குமேல் ஒரு துறவு இருக்க முடியுமா என்ற பெருமிதம் குரலிலேயே தெரிந்தது.

"விடலாம் மேஸ்திரி. அதுக்கு முன்னால கரையில நாலு பேரைக் கேட்டுட்டு வாங்க, கையில ஐந்நூறு கூடுதலா இருந்தா என்ன பண்ணுவாங்கன்னு."

போனார். பரிசல்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பிரியாணி, யாருக்கும் பங்கு வைக்காமல் சாப்பிட வேண்டும் என்று வெட்கத்தோடு சொன்னார். பூக்காரி, கூடைப்பூ அத்தனையையும் தானே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு அன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருப்பாளாம். இஸ்திரி வண்டிக்காரப் பெண் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"செலவே பண்ண மாட்டேன் சாமி. முந்தானையில முடிஞ்சு வச்சுக்குவேன். அது இருக்குங்கிற தைரியத்துல ஒரு வாரம் தலை குனியாம நடப்பேன்."

எல்லாம் அற்ப ஆசை என்று மேஸ்திரி முடிவுகட்டினார். நாலாவது ஆளைத் தேடப் பொறுமையில்லாமல் திரும்பிவந்து, கேட்டதை ஒப்பித்தார்.

அம்மா கவனமாகக் கேட்டார்.

"மூணு பேர்தான் ஆச்சு. நாலாவதா உங்க வீட்டம்மாவைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?"

புடவை என்று சொல்ல வாயெடுத்தார். மரகதம் கேட்டு வாங்கிய புடவை ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அவர்தான் எடுத்துவருவார், அவள் கட்டிக்கொள்வாள். வீட்டைக் கட்டும்போதும் அவளை அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எழுதிவைத்தபோதும் கேட்கவில்லை. முப்பத்துநான்கு வருடக் குடித்தனம்.

"தெரியலம்மா."

உள்ளங்கையில் நோட்டு வியர்வையில் கசங்கியிருந்தது. அம்மா அதைப் பார்த்தார்.

"துறையூர் பஸ் பத்தரைக்கு. போய்க் கேட்டுட்டு வாங்க."

"காவி?" என்றார் பொன்னுரங்கம்.

"அது இங்கதான் இருக்கும் மேஸ்திரி. அதுக்குன்னு ஒரு ஆசையும் கிடையாது."