நொண்டாத கால்

"எவ்வளவு இறுக்கிக் கட்டணும்மா?" என்று பழனியாண்டி கேட்டார். லாயத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

ஜெய்த்தூன் அவருடைய இடது கையைப் பிடித்து இழுத்தார். குதிரைக் காலுக்குச் சுற்றும் கட்டுத் துணியை எடுத்து, அடியில் பஞ்சு எதுவும் வைக்காமல், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சுற்றினார். முடிச்சை நரம்பின் மேலேயே போட்டார்.

"இப்படியே போய்ப் புல்லு அறுத்துட்டு வாங்க."

அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போயின. அவர் திரும்பி வந்து கையை நீட்டினார். ஜெய்த்தூன் அவிழ்த்துவிட்டார். முடிச்சு இருந்த இடத்தில் சதை குழிந்து கிடந்தது.

"புரிஞ்சுது" என்றார் பழனியாண்டி.

"நீங்க நடந்து வந்து கையை நீட்டினீங்க. குதிரை கட்டிப்போட்ட இடத்துலயே நிக்கும்."

பழனியாண்டிக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. முப்பது வருஷம் தேயிலை ஆலையில் இலை வாட்டியவர். ஆலையை மூடியதும், மலையில் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளியின் லாயத்துக்கு வந்து சேர்ந்தார். ஏழு குதிரைகள். அவற்றுக்குப் பொறுப்பு ஜெய்த்தூன். பழனியாண்டியைவிட எட்டு வயது இளையவர். பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட தகப்பனிடம் தொழில் படித்தவர். அக்கம்பக்கத்துக் குதிரைக்காரர்கள் அவரை வாத்தியாரம்மா என்பார்கள். பாதி கேலி, பாதி நிஜம். பழனியாண்டி அம்மா என்று கூப்பிட்டார். அவர் இவரை அண்ணே என்றார்.

கட்டுப் போடுவதில் இரண்டு வகை. வேலைக்குக் கிளம்பும்போது கட்டுவது மெல்லிசாக, முழங்காலுக்குக் கீழிருந்து கணுவுக்கு மேல் வரை. கணு மடங்க வேண்டும். லாயத்தில் நிற்கும்போது கட்டுவது தடிமனாக, குளம்பின் விளிம்பு வரை. எதுவானாலும் அடியில் பஞ்சுத் திண்டு. முடிச்சு முன்னால் எலும்பின் மேலும் வரக்கூடாது, பின்னால் நரம்பின் மேலும் வரக்கூடாது. வெளிப்பக்கம்தான். கட்டி முடித்ததும் ஒரு விரல் உள்ளே போக வேண்டும்.

குதிரையின் காலடியில் மண்டியிடக்கூடாது, குத்துக்காலிட்டுத்தான் உட்கார வேண்டும். அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. எழும்போதெல்லாம் முட்டி சடசடவென்று சத்தம் போட்டது.

"மெதுவா எழுந்திருங்கண்ணே. பட்டாசுன்னு நெனச்சுக் குதிரை ஓடிரும்" என்பார் ஜெய்த்தூன்.

இரண்டு மாதத்தில் கை பழகிவிட்டது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் கருப்பட்டி சறுக்கிவிட்டது. கருப்பட்டி நிறத்தில் இருந்த பெண் குதிரை அது. பைன் மரச் சரிவில் ஈரக்கல்லில் கால் வைத்து, வலது முன்னங்காலை நொண்டிக்கொண்டே லாயத்துக்கு வந்தது. முழங்காலுக்குக் கீழே நரம்பு வீங்கிப்போயிருந்தது.

மருத்துவர் வந்து பார்த்தார். ஆறு வாரம் நின்ற இடத்தில் நிற்கட்டும் என்றார்.

பள்ளிக்காரர் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டார். "ஆறு வாரம் பார்ப்போம். நிக்க முடியாமப் படுத்துருச்சுன்னா ஊசி போட்டு முடிச்சுர வேண்டியதுதான். அதைத் துடிக்கவிட என்னால ஆகாது."

அவர் கெட்டவர் இல்லை. குரலில் அலுப்புதான் இருந்தது.

பழனியாண்டிதான் அதற்கு இரண்டு மாதமாகத் தீனி போட்டவர். கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

ஜெய்த்தூன் கருப்பட்டியின் முன்னங்கால் இரண்டுக்கும் தடித்த கட்டுப் போட்டார். நான்கு நாள் கழித்து ஈரோட்டிலிருந்து போன் வந்தது. அவருடைய மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது.

பேருந்து நிறுத்தம் வரை பழனியாண்டி பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

"காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அவிழ்க்கணும். கையால தேய்ச்சுவிட்டு, மாத்துத் துணியில கட்டணும். முன்னங்கால் ரெண்டுக்கும். ஈரத்துணி வேண்டாம், காயக் காய இறுக்கும்."

"வலி வலது கால்லதானேம்மா? நல்லா இருக்கிற காலுக்கு எதுக்குக் கட்டு?"

பேருந்து வந்துவிட்டது. ஜெய்த்தூன் படியில் ஏறினார்.

"ரெண்டுக்கும்" என்றார் ஜன்னல் வழியாக.

மொத்தம் நான்கு கட்டுத் துணி, நான்கு பஞ்சுத் திண்டு. இரண்டு காலில் இருந்தால் இரண்டு கொடியில் இருக்கும். வெயில் காலமென்றால் அது போதும். இந்த மழையில் கொடியில் போட்டது இரண்டு நாளானாலும் காயவில்லை. லாயத்துக்குள் கரி அடுப்பு மூட்டி, அதன் மேல் கயிறு கட்டி உலர்த்திப் பார்த்தார். புகை நாற்றம் ஏறியதே தவிர ஈரம் போகவில்லை.

மூன்றாம் நாள் காலை காய்ந்த மாற்றுத் துணி ஒன்றும் இல்லை. பழனியாண்டி யோசித்தார். இடது காலைப் பார்த்தார். அது நேராக, உறுதியாக நின்றது. அதன் கட்டை அவிழ்த்து வலது காலுக்குச் சுற்றினார். இடது காலின் திண்டையும் வலது கால் திண்டின் மேல் சேர்த்து வைத்தார். வலிக்கிற காலுக்கு இன்னும் மெத்தென்று இருக்கட்டும்.

அன்றிலிருந்து நான்கு துணியும் வலது காலுக்கே.

அந்த மழை முழுவதும் அவர் களைப்பாகவே இருந்தார். வீட்டிலும் நிம்மதி இல்லை. மகன் சேகர் தேயிலைத் தோட்டத்தில் நிழல் மரக் கிளை கழிக்க ஏறியவன், வழுக்கி விழுந்து இடுப்பு போய்ப் படுத்திருந்தான். ஏழு மாதமாகிறது. பழனியாண்டியின் மனைவி பூரணம்தான் அவனைப் பார்த்துக்கொண்டாள். புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது, சட்டியை எடுப்பது எல்லாம். மலைக் குளிருக்கு வீட்டில் இருந்தது இரண்டு கம்பளி. இரண்டையும் சேகருக்குப் போர்த்தியிருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பழனியாண்டி நேராகக் கட்டிலுக்குப் போவார்.

"கால் விரலை அசைடா, பார்ப்போம்."

சேகர் அசைப்பான். போன மாதத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் அசைந்தது.

"நல்லா அசையுது" என்பார். பூரணம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து டீ வைக்கப் போவாள்.

பதினோராம் நாள் மத்தியானம் ஜெய்த்தூன் திரும்பி வந்தார். கண் உள்ளே போயிருந்தது.

"பேத்தி" என்றார். "கறுப்பா, முடியோட இருக்கா. தூங்கவிடலை."

பழனியாண்டி கொடுத்த டீயை நின்றபடியே குடித்தார்.

"வீட்டுல எப்படி?"

"விரல் நல்லா அசையுதும்மா. தைப்பொங்கலுக்கு உக்காந்துருவான்னு சொல்றாங்க."

"பூரணம்?"

"அவளுக்கென்ன? அவ பாட்டுக்கு இருக்கா. வாயைத் திறந்து ஒண்ணும் சொல்றவ இல்லை."

ஜெய்த்தூன் டம்ளரைக் கழுவி வைத்தார்.

"வாங்க, கருப்பட்டியைப் பார்ப்போம்."

பழனியாண்டி பதினோரு நாளாகக் காத்திருந்தது இதற்குத்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலது காலின் கட்டைச் சட்டென்று அவிழ்த்தார். துணியைக் கைமாற்றிக் கைமாற்றி, காலைச் சுற்றி இழுக்காமல் எடுத்தார். வீக்கம் வற்றியிருந்தது. நரம்பு கயிறு போலத் தனியாகத் தெரிந்தது. தொட்டால் குளிர்ச்சியாக இருந்தது.

ஜெய்த்தூன் குனிந்து விரலால் மேலிருந்து கீழே தடவினார். கருப்பட்டி காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"நல்லா பார்த்திருக்கீங்கண்ணே."

பழனியாண்டி துணியைச் சுருட்டத் தொடங்கினார்.

"எப்ப இருந்து இது சுவத்துல சாயுது?" என்றார் ஜெய்த்தூன்.

"நாலஞ்சு நாளா. ஓய்வா நிக்குதுன்னு நெனச்சேன்."

ஜெய்த்தூன் அந்தப் பக்கம் போனார். சுவருக்கும் குதிரைக்கும் நடுவே இருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, இங்க வாங்க."

அவர் போனார். ஜெய்த்தூன் அவருடைய உள்ளங்கையை எடுத்து இடது காலின் மேல் வைத்தார். பிறகு அதைக் கீழே இறக்கிக் குளம்பின் மேல் வைத்தார்.

டீ ஊற்றிய டம்ளரைத் தொட்டது போலிருந்தது. முழங்காலிலிருந்து கணு வரை கால் வீங்கி உருண்டு போயிருந்தது. மூன்றாம் நாளுக்குப் பிறகு அந்தக் காலை அவர் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"துணி காயலைம்மா" என்றார். "வலிக்கிற காலுக்கு ஆகட்டும்னு இதோடதை எடுத்து அதுக்குக் கட்டிட்டேன்."

"சரி. தண்ணி எடுத்துட்டு வாங்க."

மழைத் தொட்டியிலிருந்து அவர் வாளி வாளியாகக் கொண்டுவந்தார். ஜெய்த்தூன் இடது காலில் மெல்ல ஊற்றிக்கொண்டே இருந்தார். பிறகு இருவருமாகக் குளம்புக்கு மெத்தையாக மரத்தூளை முழங்கால் உயரத்துக்குக் கொட்டினார்கள்.

"இந்தக் காலும் போயிருச்சுன்னா..." என்று பழனியாண்டி ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

"இன்னிக்கு நிக்குது. நாளைக்குக் காலையில வந்து பார்ப்போம்."

"முதலாளிகிட்ட?"

"நான் சொல்லிக்கிறேன்."

காய்ந்த துணி இரண்டுதான் இருந்தது. ஜெய்த்தூன் பைக்குள்ளிருந்து தன் பழைய பருத்திப் புடவையை எடுத்து, நீளமாகக் கிழித்தார். மகளின் பிள்ளைக்குத் தூளி கட்ட எடுத்துப்போய், வேண்டாமென்று திரும்பி வந்த புடவை. அதை மடித்து அடியில் வைத்து இரண்டு காலுக்கும் கட்டினார். இடது காலின் முடிச்சைப் பழனியாண்டியையே போடச் சொன்னார்.

அவர் வெளிப்பக்கம் முடிச்சிட்டு, விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். கருப்பட்டி பெருமூச்சு விட்டது. சுவரை விட்டு நகரவில்லை.

மணி நாலுகூட ஆகவில்லை, வேலை முடிய இன்னும் நேரம் இருந்தது. மழை விட்டபாடில்லை. ஜெய்த்தூன் கை கழுவிக்கொண்டிருந்தார். பழனியாண்டி அந்தக் காலடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா?"

"கேளுங்க."

"தீனி குறையலை. என்னைப் பார்த்தாக் கனைச்சுது. இந்தக் காலை ஒரு தடவை தூக்கலை, உதறலை. ஒரு நாள் நொண்டியிருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்குமே. ஏன் நொண்டலை?"

ஜெய்த்தூன் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நொண்டணும்னா பாரத்தை வலது காலுக்கு மாத்தணும் அண்ணே. வாங்கிக்க அந்தப் பக்கம் யாரு இருந்தா?"

பழனியாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வீட்டில் பூரணம் எழுவதும் இப்படித்தான் என்று அப்போது நினைவுக்கு வந்தது. முட்டி சத்தம் போட்டது. ஜெய்த்தூன் சிரிக்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த அவருடைய குடையை எடுத்து நீட்டினார்.