பந்தியில் நின்ற யானை

மடத்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒரே ஒரு வேளைதான் சாப்பிட்டார். கிளம்பும்போது சிரித்துக்கொண்டே, "உங்கள் அறைக்குள் ஒரு யானை நிற்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

தபால் ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு மடத்தில் சேர்ந்த வாகீசனுக்கு அது மண்டையைக் குடைந்தது. அகராதியைப் புரட்டிவிட்டு, தன்னைவிட இருபது வயது இளையவரான குருவிடம் போனார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சும் ஒருத்தரும் வாய் திறக்காத விஷயத்தை அப்படிச் சொல்லுவாங்களாம், சாமி. நம்ம மடத்துல அப்படி என்ன இருக்கு?"

சாப்பாட்டு மணி அடித்தது.

பந்தியில் பதினோரு சீடர்கள். குரு இலையைப் பார்த்தபடி கேட்டார்.

"சாம்பார் எப்படி?"

"பிரமாதம், சாமி" என்றார் முதல் ஆள்.

"அமிர்தம்" என்றார் அடுத்தவர்.

வரிசை வாகீசனிடம் வந்தது.

"ரொம்ப நல்லாருக்கு, சாமி."

"இது எத்தனாவது செம்புத் தண்ணி, ஐயா?"

வாகீசன் கையிலிருந்த செம்பைப் பார்த்தார். மூன்றாவது.

ஈசனுக்குப் படைக்குமுன் சமையலை ருசி பார்க்கும் வழக்கம் மடத்தில் இல்லை. கொதிக்கும் ஆவியை முகர்ந்தே உப்பைக் கணித்துவிடுவார் சமையல்காரர் சிவக்கொழுந்து. சித்திரையில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்துபோனதிலிருந்து எல்லாமே உப்பு கரித்தது. படைத்ததைக் குறை சொல்லும் வழக்கமும் மடத்தில் இல்லை. மூன்று மாதமாக எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள்.

மறுநாள் குருபூஜை. முந்நூறு பேர் சாப்பிட வருவார்கள். அத்தனை பேர் முன்னால் சிவக்கொழுந்து தலைகுனிந்து நிற்க வேண்டும். வாகீசனை இந்த மடத்துக்குக் கைபிடித்து அழைத்துவந்தவரே அவர்தான்.

வாகீசன் கைகூடக் கழுவாமல் அடுக்களைக்குப் போனார்.

"என்னய்யா, பாதியில எழுந்துட்டீரு?"

"சிவக்கொழுந்து... உப்பு கரிக்குது. மூணு மாசமா."

கரண்டி நின்றது. சிவக்கொழுந்தின் முகம் சுருங்கியது. பிறகு நெஞ்சு நிறைய ஒரு மூச்சு விட்டார்.

"அடப்பாவி! இதைச் சொல்ல மூணு மாசமா? காய்ச்சலுக்கு அப்புறம் மூக்கும் நாக்கும் செத்துப்போச்சய்யா. யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களான்னு தினமும் அந்தக் கதவையே பாத்துக்கிட்டிருந்தேன். எல்லாப் பயலும் பிரமாதம்னுட்டுப் போனீங்க!"

"நீராவது சொல்லியிருக்கலாமே?"

"அடுப்பை விட்டுப் போகச் சொல்லிட்டா?"

அன்று சாயங்காலமே, படையலுக்கு இல்லாமல் தனியாக ஒரு சின்னப் பானையில் வைத்து, வாகீசன் ருசி பார்க்க, சிவக்கொழுந்து உப்புக்கு அளவு பிடித்தார். நாலு முறை கொட்டிவிட்டு ஐந்தாம் முறை சரியாக வந்தது. விடிந்ததும் அதே அளவைக் கணக்குப் பண்ணி அண்டாக்களில் போட்டார்கள்.

பந்தி பந்தியாகக் கூச்சல். "இங்க சாம்பார்!" "அண்ணே, இந்த இலைக்கு!" சிவக்கொழுந்து வாளியோடு இளவட்டம் மாதிரி ஓடினார். கடைசிப் பந்திக்கு அண்டாவைச் சுரண்ட வேண்டியதாயிற்று.

வாகீசன் குருவின் அருகில் வந்து நின்றார்.

"நீங்களும் மூணு மாசம் அதைத்தானே சாப்பிட்டீங்க. நீங்க ஏன் சொல்லல, சாமி?"

குரு இலையை மடித்தார்.

"எனக்குத் தைரியம் வரல, ஐயா. உங்களுக்கு வந்துச்சு."