அடுப்புக்கு மேலே ராஜா

கோரையூர்ப் பாளையத்து ராஜா மும்முடியாருக்கு நாக்கு நீளம். சமையற்கட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அப்பேர்ப்பட்டவருக்குச் சமையற்கட்டை இடித்துப் புதுசாகக் கட்ட ஆசை வந்தது. வேலையை நவரத்தின மேஸ்திரியிடம் ஒப்படைத்தார். மேஸ்திரியோ பிறந்ததிலிருந்து ஒரு சொம்பு வெந்நீர்கூட வைத்தவர் இல்லை. இந்த இரண்டு பேரும் சேர்ந்தால் சமையற்கட்டு எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

பழைய சமையற்கட்டில் கூரையில் புகை போக வழி இருந்தது. காற்றுக்கு ஒரு ஜன்னலும் இருந்தது. மேஸ்திரி இரண்டையும் ஒழித்தார். மேலே வழவழவென்று வளைந்த கூரை போட்டார். அடுப்புக்கு நேர் மேலே, சுவரில், சுண்ணாம்புச் சுதையில் ராஜாவையே செய்து உட்கார வைத்தார். கிரீடம், காதுக் கடுக்கன், முறுக்கு மீசை, ஒன்றிலும் குறையில்லை.

தலைமைச் சமையல்காரி சீரங்காயி பூச்சு காய்வதற்கு முன்பே கேட்டாள்.

“மேஸ்திரியாரே, புகை எப்படிப் போகும்?”

“ஏம்மா, ராஜா தலைக்கு மேல ஓட்டை போடச் சொல்றியா?”

“பக்கத்துல ஒரு ஜன்னலாவது வைங்க.”

“இந்தப் பக்கம் அன்னப்பட்சி, அந்தப் பக்கம் தாமரை. ஜன்னலுக்கு எங்கே இடம்? நீ கரண்டியைப் பாரு, கட்டடத்தை நான் பார்த்துக்கறேன்!”

கூட இருந்த கொத்தனார்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அடுப்பு மேடையையும் மேஸ்திரி தன் உயரத்துக்கே அளந்து கட்டினார். அவர் நல்ல நெட்டை. சீரங்காயி முக்காலி போட்டு ஏறித்தான் குழம்பைக் கிண்ட வேண்டும். இடுப்பில் பிள்ளையோடு ஒரு வேளை சோறு வடித்துப் பார்த்திருந்தால் அந்த மனுஷன் இப்படிக் கட்டியிருப்பாரா?

ராஜா பார்க்க வந்தார். அடுப்பு எரியாத நேரமாகப் பார்த்து வந்தார். அடுப்பு எரியாவிட்டால் எந்தச் சமையற்கட்டும் அழகுதான். சுவரில் தன் மீசையைப் பார்த்து உருகிப்போய், மேஸ்திரி கையில் தங்கக் காப்பைப் போட்டுவிட்டார். “பசிக்கிறது, இன்றைக்கே இங்கே சமையுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ரசத்தில் புகை, பாயசத்தில் புகை. ராஜா இலையைத் தள்ளிவிட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

“கட்டடத்துல குறையே இல்லை மகாராஜா. அடுப்பு மூட்டத் தெரிஞ்சவங்களுக்குப் புகை வராது. இந்தம்மா ஈர விறகை வைக்குது.”

ராஜா உள்ளே போய்ப் பார்த்தாரா? அதெல்லாம் இல்லை. “வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். அன்றும் புகை நாறினால் சீரங்காயி வேறு வேலை தேடிக்கொள்ளட்டும்” என்றார்.

புருஷனை இழந்த சீரங்காயி இரண்டு பிள்ளைகளை அந்தக் கரண்டியை நம்பித்தான் வளர்த்து வந்தாள். சபையில் ராஜாவுக்கு யோசனை சொல்கிற உத்தண்டியிடம் போய் அழுதாள். உத்தண்டிக்கு யோசனை வர முதலில் நாலு தோசை வேண்டும். அதனால் தினமும் சமையற்கட்டு வாசலில்தான் நிற்பான்.

“அண்ணே, கண்ணும் எனக்கே எரியுது, பழியும் எனக்கே வருது. நான் எங்கே போவேன்?”

“நீ ஏன் போகணும் தாயி? போக வேண்டியது புகைதானே!”

உத்தண்டி நேரே சபைக்குப் போனான்.

“மகாராஜா, பசி அவசரத்தில் பால் காய்ச்சாமலே புது அடுப்பில் சமைத்துவிட்டோமே! பிறகு எப்படி விளங்கும்?”

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அட, ஆமாம்! யாரைக் காய்ச்சச் சொல்வது?”

“அடுப்பு மூட்டத் தெரிந்தவரைத்தான். நம் மேஸ்திரியாரே காய்ச்சட்டும். விறகையும் அவரே பார்த்து எடுத்து வரட்டும். ஒன்றே ஒன்று, பால் பொங்கி வழிகிறவரை அடுப்பை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் ராஜாவுக்கு ஆகாது.”

“இந்த மரியாதை எனக்குத்தானே சேரணும்!” என்று மேஸ்திரி மீசையைத் தடவினார்.

விருந்துக்கு முதல் நாள் காலை, மேஸ்திரி பட்டு வேட்டி சரசரக்க வந்தார். கட்டட வேலை முடிந்தால் கருவிகளுக்கும் பொட்டு வைத்துக் கும்பிடுவது வழக்கம். உத்தண்டி அவருடைய கடப்பாரைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து அடுப்பு ஓரமாகச் சாய்த்தான். அடுப்பில் பெரிய அண்டா நிறையப் பால். ராஜாவும் சபையும் வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

மேஸ்திரி தீ மூட்டினார். கொஞ்ச நேரத்தில் அன்னப்பட்சி மறைந்தது. தாமரை மறைந்தது. மேஸ்திரியும் மறைந்தார்.

“மேஸ்திரியாரே, சௌக்கியமா?” என்று வாசலிலிருந்து கேட்டான் உத்தண்டி.

“சௌக்… லொக்… சௌக்கியம்!”

“விறகு ஈரமோ?”

“யார் சொன்னது? நல்லா… லொக் லொக்… காஞ்ச விறகு! நானே பொறுக்கினது!”

ராஜா காதில் அது நன்றாக விழுந்தது. மேஸ்திரிக்குத் துணையாக உள்ளே நின்ற கொத்தனார்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். அன்றைக்குச் சிரித்த அதே கொத்தனார்கள்தான்.

“நீங்க நகர்ந்துடாதீங்க மேஸ்திரி! ராஜாவுக்கு ஆகாது!” என்று வெளியே நின்றபடி அவர்களே கத்தினார்கள்.

அண்டாப் பால் இலேசில் பொங்குமா? வெளியே வந்தால் ராஜா கோபம், உள்ளே இருந்தால் மூச்சு நிற்கும். உள்ளே கைக்கு அகப்பட்டது கடப்பாரை ஒன்றுதான்.

டமார்! டமார்! டமார்!

சுவர் பொத்துக்கொண்டது. புகை குபுகுபுவென்று வெளியேறியது. வெளிச்சம் வந்தது. பாலும் பொங்கியது.

எல்லோரும் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார்கள். சுதை ராஜாவின் வாய் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. அதன் வழியாகப் புகை சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்தது.

“எவன்டா என் வாயை உடைத்தது?” என்று கர்ஜித்தார் ராஜா.

“கோபிக்காதீங்க மகாராஜா. சீரங்காயி கேட்டப்போ இந்த அரண்மனையில் ஒருத்தரும் அவளுக்காக வாய் திறக்கவில்லை. கடைசியில் உங்கள் பொம்மையாவது திறந்ததே!” என்றான் உத்தண்டி.

ராஜா கரி பூசிய மேஸ்திரியைப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். மேஸ்திரி கையிலிருந்த காப்பைக் கழற்றிச் சீரங்காயியிடம் கொடுத்தார். உத்தண்டிக்குத் தினமும் நெய் தோசை என்று அங்கேயே உத்தரவு போட்டார்.

“மேஸ்திரி! இனி ஒரு மாசம் இந்த அடுப்பில் நீதான் எனக்குச் சமைக்க வேண்டும். அதுதான் உனக்குத் தண்டனை!”

சீரங்காயி அவசரமாகக் குறுக்கே வந்தாள்.

“வேண்டாம் மகாராஜா! ஜன்னலை வச்சு, மேடையைக் குறைச்சுக் கொடுத்துட்டுப் போகட்டும். அவர் சமைச்சு நீங்க சாப்பிட்டா, தண்டனை அவருக்கா உங்களுக்கா?”