தெரியாதவர்கள் கை

பி.எட். படிப்பில் இரண்டு பாடம் உண்டு. ஒன்று கல்லூரியில் நடத்துவது. மற்றது, முன்பு படித்துப் போனவர்கள் காதோடு ஓதிவிட்டுப் போவது. பொற்செல்வி இரண்டையும் கரைத்துக் குடித்தவள்.

எம்.எஸ்சி. கணிதத்தில் முதல் வகுப்பு. நூற்பாலையில் பத்து வருடம் பார்த்த வேலையை உதறிவிட்டு, முப்பத்தாறு வயதில் டீச்சர் ஆகியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று சேர்ந்தவள். "இந்த வயசுலயா?" என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை.

பயிற்சிக்கு வந்த பள்ளியில் அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்த ஆக்னஸ் டீச்சருக்கு இருபத்தெட்டு வயது. அவர் பொற்செல்வியை அக்கா என்பார். பொற்செல்வி அவரை மேடம் என்பாள்.

கல்லூரிப் பேராசிரியர் வகுப்பைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அவர் அவளுடைய பாடத்திட்ட நோட்டில் கையெழுத்துப் போட்டால் பயிற்சி முடிந்தது. அதற்கு முந்தின நாளே பொற்செல்வி ஏழாம் வகுப்பின் நாற்பது பிள்ளைகளுக்கும் ஒத்திகை வைத்தாள்.

"கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. சார்கிட்ட மூச்சு விடக் கூடாது."

ஆக்னஸ் டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மேடம் அப்படிப் பாக்கிறீங்க? ஊரே பண்றதுதான்."

"ஒண்ணுமில்லக்கா. இடது கை எத்தனை?"

"இருபத்திரண்டு."

"யார் யாருன்னு தெரியுமா?"

"எதுக்கு? அவங்களை நான் கேக்கப்போறதே இல்லையே."

டீச்சர் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்தப் பார்வைதான் பொற்செல்விக்குச் சுருக்கென்று தைத்தது.

"நாப்பது நாளா உங்ககிட்ட ஒண்ணுதான் கேக்கிறேன் மேடம். நான் எப்பதான் டீச்சர் ஆவேன்?"

"நாளைக்குப் பாப்போம்க்கா."

மறுநாள் பேராசிரியர் வந்து நாற்காலியில் அமர்ந்தார். பாடம் முழுக்கள், அதாவது பிளஸ், மைனஸ் எண்கள். கேள்வி விழுந்ததும் நாற்பது கைகள் எழுந்தன. வலது கைகளாகப் பார்த்துப் பார்த்து எழுப்பினாள். பதில்கள் பட் பட்டென்று வந்தன. பேராசிரியர் முகம் மலர்ந்தது.

"மைனஸ் ஏழோட மூணைக் கூட்டினா?"

நாற்பத்தொரு கைகள் எழுந்தன. கடைசி பெஞ்சில் ஆக்னஸ் டீச்சரும் தூக்கியிருந்தார், இடது கையை.

பொற்செல்வி சட்டென்று பார்வையைத் திருப்பினாள். பார்க்காதது மாதிரி ஒரு வலது கையைத் தேடினாள். டீச்சரின் கை இறங்கவில்லை. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு முன் பெஞ்சில் இருந்த பேச்சியம்மாள் பதறிப்போய் அவரிடம் கிசுகிசுத்தாள்: "டீச்சர், அது தெரியாதவங்க கை!"

பொற்செல்விக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. என்னையா சோதிக்கிறீங்க? இடது கையைத்தானே கேக்கணும்? அதையும் பாத்துடுவோம்.

"பேச்சியம்மா, நீ சொல்லு."

"டீச்சர், நான் இடது கை."

பேராசிரியர் நிமிர்ந்தார். "அதென்னம்மா இடது கை?"

மழுப்பியிருக்கலாம். பொற்செல்வி மழுப்பவில்லை.

"தெரியாதவங்க இடது கை தூக்கணும்னு நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன்."

பேராசிரியர் பேனாவை மூடினார். "சரி, விடுங்க. பாடத்திட்டத்துல அடுத்தது என்ன?"

"இந்தப் பிள்ளை இன்னும் பதில் சொல்லல சார்."

பேச்சியம்மாள் "பத்து" என்றாள். பிறகு "மைனஸ் பத்து" என்றாள். பொற்செல்வி பாடத்திட்ட நோட்டை மேசையில் வீசிவிட்டு, அவளை வாசலுக்கு வெளியே மாடிப்படியின் உச்சிக்குக் கூட்டிப்போனாள். வகுப்பே பின்னால் ஓடியது.

"நீ நிக்கிற இடம் பூஜ்ஜியம். ஏழு படி இறங்கு. இப்ப மூணு படி ஏறு. எங்க நிக்கிற?"

பேச்சியம்மாள் எண்ணிப் பார்த்தாள். "நாலு படி கீழ டீச்சர்." சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. "மைனஸ் நாலு!"

"நான் டீச்சர், நான் டீச்சர்" என்று இடது கைகள் படியில் முட்டி மோதின. அஞ்சாறு பேர் இறங்கி ஏறுவதற்குள் மணி அடித்துவிட்டது.

பேராசிரியர் நோட்டில் எழுதினார்: 'பாடத்திட்டப்படி நடத்தவில்லை. அடுத்த மாதம் மீண்டும் பார்க்க வேண்டும்.'

பொற்செல்வி நோட்டோடு ஆசிரியர் அறைக்குப் போனாள். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் இறங்கவில்லை.

"திருப்தியா மேடம்? அந்தப் பதினெட்டு வலது கையோட நிறுத்தியிருந்தா, நான் இன்னைக்கே டீச்சர் ஆயிருப்பேன்."

ஆக்னஸ் டீச்சர் விரலில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டார்.

"அந்தப் பதினெட்டு பேருக்கு டீச்சர் எதுக்குக்கா?"