ஆனைக்கு வெட்டிய பள்ளம்

"அம்மா, மனுசனைக் கொல்றதுல எந்த மிருகமுங்க மொதல்ல நிக்குது?"

நாச்சிமுத்து நின்றுகொண்டேதான் கேட்டார். அவர் எதையும் உட்கார்ந்து கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

பாவாயம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். மலையடிவாரத்துக் குடிலுக்கு அவளைத் தேடி வருகிறவர்கள் அவளைக் குரு என்பார்கள். காவி கிடையாது, சடை கிடையாது. வயது நாற்பதுகூட ஆகவில்லை. நாச்சிமுத்துவுக்கோ ஐம்பத்தெட்டு. இருந்தாலும் அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை அண்ணா என்பாள்.

"எதுக்குங்ணா கேக்கறீங்க?"

"தெரிஞ்சா அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிப் போடலாமுங்க."

ஏற்பாடு! குடிலுக்கு வந்த இந்த எட்டு மாதத்தில் மனிதர் செய்த ஏற்பாடுகளைச் சொல்ல ஆரம்பித்தால் நமக்கு வாய் வலிக்கும். பாம்புக்குப் பூண்டை இடித்துக் கரைத்து வாசலெல்லாம் தெளித்தார். குடில் ஒரு வாரம் ஊறுகாய்க் கடை மாதிரி மணத்தது. சிறுத்தைக்கு முள்வேலி. கரடிக்குத் தகர டப்பாக்களைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டார். கரடி வரவில்லை, காற்றுதான் வந்தது. கண்மூடி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் அலறியடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

மீதி இருந்தது ஆனை.

அந்தப் பேச்சு வந்தால் மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய தம்பி சென்னியப்பன் சோளக்காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போனான். திரும்பி வரவில்லை. தேடிப் போய்ப் பார்த்தவர் நாச்சிமுத்துதான். என்ன பார்த்தார் என்று இன்று வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றையிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டில் கை வைத்துவிட்டுப் பாதியில் எழுந்து வாசலைப் பார்ப்பார். பேசிக்கொண்டே இருப்பார், காது மட்டும் காட்டுப் பக்கம் போய்விடும். "இந்த மனுசனுக்கு மனசு அடங்கோணுமுங்க அம்மா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து இங்கே விட்டவள் அவர் மனைவி தெய்வாத்தாள். விட்டுவிட்டுப் போகவும் மனசில்லாமல் அவளும் தங்கிவிட்டாள்.

எட்டு மாதத்தில் பாவாயம்மா அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்.

"உக்காருங்ணா."

அவரும் உட்காருவார். ஈ உட்கார்ந்து எழும் நேரம். அப்புறம் வேலியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்விடுவார்.

இன்றைக்கும் அவள் அதையேதான் சொல்லப் போகிறாள் என்று நினைத்தார். அவள் காய் உரிப்பதை நிறுத்தவில்லை.

"நீங்களே சொல்லுங்ணா. எது மொதல்ல?"

"ஆனைதானுங்க."

"செரி."

"காட்டைப் பாத்த பக்கம் பூரா ஒரு பள்ளம் வெட்டிப் போடட்டுங்களா? ஆள் ஆழம் இருந்தாப் போதும், ஆனை எறங்காதுங்க."

"வெட்டுங்க" என்றாள் பாவாயம்மா.

*

சித்திரையில் மண்வெட்டியை எடுத்தவர் ஆவணியில்தான் கீழே வைத்தார். குடிலில் இருந்தவர்கள் வந்து வந்து கைகொடுத்தார்கள். அசல் உழைப்பு அவருடையது. வெட்டிய மண்ணை உள்பக்கம் கரையாகக் குவித்தார். கையெல்லாம் காய்ப்பு. தெய்வாத்தாள் விளக்கெண்ணெய் தடவிவிட்டுத் திட்டுவாள்.

"சாமியாருகிட்டக் கூட்டியாந்தா, சாக்கடை வெட்டற ஆளாயிட்டீங்க."

"சிரி புள்ள, சிரி. ஆனை வந்து நிக்கறப்பத் தெரியும்."

பிறகு மழை பிடித்தது. பள்ளம் நிறைந்தது. நாச்சிமுத்துவுக்கு முகமெல்லாம் பல். "தண்ணி நின்னா இன்னும் விசேசமுங்க. ஆனைக்கு ஆழம் தெரியாது." ஆனைக்குத் தண்ணீர் என்றால் உயிர் என்று அவருக்கு யார் சொல்வது? காலையிலும் பொழுது சாயும்போதும் கரைமேல் ஒரு நடை நடந்துவிட்டு வருவார். வந்தால் ஒரு கவளம் கூடுதலாக இறங்கும்.

ஆனை வரவில்லை.

காய்ச்சல் வந்தது.

முதலில் சமையல்காரி பழனாத்தாளுக்கு. மூன்று கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. எட்டாம் நாள் போய்ச் சேர்ந்தாள். வயசாயிடுச்சு, பாவம் என்றார்கள். குழி வெட்டியது நாச்சிமுத்துதான். அந்த மண்வெட்டியால்தான்.

அடுத்த வாரம் தெய்வாத்தாள் படுத்தாள்.

*

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்சம்மா வந்து விரலைக் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் மத்தியானம் அவசரமாகத் திரும்பி வந்தாள்.

"மலேரியாங்க. மண்டைக்கு ஏறுற மோசமான வகை. மூணு நாளைக்கு மாத்திரை. அதுக்கும் அடங்கலைன்னா டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிருங்க. யோசிக்கவே கூடாது."

நாச்சிமுத்து மாத்திரையை இரண்டு கையாலும் வாங்கினார். 

"இங்க எங்கயாச்சும் தண்ணி தேங்கி நிக்குதுங்களா?" என்று கேட்டாள் நர்சம்மா.

"ஒரு சொட்டுக் கெடையாதுங்க. தொட்டி, கொடம், அண்டா, எல்லாத்துக்கும் நானே மூடி போட்டு வச்சிருக்கறனுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. சாமி சத்தியமாகச் சொல்லவில்லை. பின்னால் இருந்தது அவரைப் பொறுத்தவரை தண்ணீரே இல்லை. அது மதில்.

நர்சம்மா இன்னும் நாலு ஊர் போக வேண்டும். வந்த வழியே வாசல் பக்கமாகப் போய்விட்டாள்.

பாவாயம்மா நாச்சிமுத்துவின் முகத்தையே பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து பின்பக்கம் போனாள். திரும்பி வரும்போது கையில் ஊறுகாய் போடும் கண்ணாடி ஜாடி. முக்கால்வாசி தண்ணீர். வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அதைத் தெய்வாத்தாளின் கட்டில் தலைமாட்டில் வைத்தாள்.

"இதப் பாத்துட்டே உக்காருங்ணா."

"எத்தன நேரமுங்க?"

"நான் வந்து சொல்ற வரைக்கும்."

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "இவ இப்படிக் கெடக்கறா. நான் ஜாடியப் பாத்துட்டு உக்கார்றதுங்களா?"

"எந்திரிச்சுப் போயி என்ன பண்ணுவீங்க? கரைமேல நடப்பீங்களா?"

சொல் தைத்துவிட்டது. உட்கார்ந்தார்.

*

முதல் நாள் ஜாடியில் ஒன்றுமே இல்லை என்று நினைத்தார். வெயில் பட்டபோதுதான் தெரிந்தது. பொடிப் பொடியாக, தலை பருத்து வால் வளைந்த, முற்றிய கூத்தாடிப் புழுக்கள். துள்ளித் துள்ளி இறங்கின. மேலே வந்து படுத்தன. மறுபடி துள்ளின. ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை.

தெய்வாத்தாளின் உடம்பு கொதித்தது. மாத்திரையை நுணுக்கி வாயில் போட்டார். ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் நாள் அவள் கண்ணைத் திறந்தாள். பார்வை அவர்மேல் இல்லை.

"சென்னியப்பன் வந்துட்டானுங்களா? சோறு போடட்டுங்களா?"

நாச்சிமுத்து அவள் பக்கம் குனிந்தார். "வரலை புள்ள. அவன் வரமாட்டான். நீயும் போயிறாத" என்றார். வாய்விட்டு அழுதார். அவள் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

பின்பக்கத்திலிருந்து. தொப். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி, தொப்.

கனமான ஏதோ ஒன்று ஈரமண்ணில் விழும் சத்தம். ஆனை பள்ளத்தின் கரையை மிதித்துச் சரிக்கிறது. வந்தேவிட்டது. நாச்சிமுத்துவின் உடம்பு தானாக எழுந்தது. சுண்டுவிரல் இழுத்தது. அவள் பிடி அவ்வளவு காய்ச்சலிலும் இறுகி இருந்தது.

தொப்.

  விரலை உருவிக்கொண்டு போவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை.

அவர் உட்கார்ந்தார்.

சத்தம் பொழுது சாயும்வரை கேட்டது. மறுநாளும் கேட்டது. உட்கார்ந்தே இருந்தார். கண்ணுக்கு முன்னால் இருந்தது அந்த ஜாடியும் அவள் முகமும்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் தெய்வாத்தாளுக்கு வேர்த்தது. நெற்றி, கழுத்து, தலையணை எல்லாம் நனைந்தது.

"ஏனுங்க, கொஞ்சம் கஞ்சி இருக்குங்களா?" என்றாள். குரலில் ஆள் இருந்தது.

"இருக்குது புள்ள, இருக்குது" என்று எழுந்தவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூன்று நாள் மடக்கியிருந்த கால் மரத்துப்போய்க் கட்டிலைப் பிடித்தார். அப்போது ஜாடி கண்ணுக்கு நேரே வந்தது.

தண்ணீரில் ஒரு புழுவும் இல்லை. துணிக்கு அடியில் கொசுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. உடம்பைச் சாய்த்து, வாலைத் தூக்கி உட்கார்ந்திருந்தன சில. துணியில் முட்டி முட்டி ரீங்கரித்தன மற்றவை.

ஜாடியின் அடியில் மண் படிந்திருந்தது. செம்மண்.

அந்த மண்ணை அவருக்குத் தெரியும். ஐந்து மாதம் அவர் நகக்கண்ணில் இருந்த மண்.

கஞ்சியை ஊட்டிவிட்டார். ஒரு வாய் சிந்தாமல் ஊட்டினார். வாயைத் துடைத்துவிட்டார். அவள் கண்மூடித் தூங்கும்வரை இருந்தார். அப்புறம் பின்பக்கம் ஓடினார்.

*

பள்ளத்தில் பாவாயம்மா நின்றிருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். முழங்கால் வரை சேறு. கரையிலிருந்த மண்ணை வெட்டித் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தாள். தொப். ஒரு மூலைதான் மூடியிருந்தது. உள்ளங்கை இரண்டும் கொப்புளம் உடைந்து கிடந்தன.

"அம்மா." நாச்சிமுத்துவுக்கு மூச்சு வாங்கியது. "பழனாத்தாளைக் கொன்னது நானுங்களா?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லவில்லை.

"உங்களுக்குத் தெரியுமுங்களா? தெரிஞ்சேதான் வெட்டச் சொன்னீங்களா? எனக்குப் பாடம் சொல்லோணும்னு ஒரு உசுரையா வச்சு ஆடுனீங்க?" கத்தினார். குருவிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அவருக்கு அது உறைக்கவில்லை.

"தெரியாதுங்ணா. நர்சம்மா தண்ணி எங்கன்னு கேட்ட அந்த நேரந்தான் எனக்கும் தெரிஞ்சுது."

"அப்பறம் என்ன எழவுக்குங்க வெட்டுங்கன்னு சொன்னீங்க? எட்டு மாசமா உக்காரு உக்காருன்னு சொன்ன நீங்க, அன்னைக்கு மட்டும் ஏனுங்க சொல்லலை?"

பாவாயம்மா மண்வெட்டியை ஊன்றி நின்றாள். நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள். சேறு அப்பிக்கொண்டது.

"எனக்கும் ஆனைன்னாப் பயமுங்ணா" என்றாள். "நீங்க அந்தப் பக்கத்துல இருந்து தள்ளிட்டு வாங்க."