ஊரெல்லாம் அணைத்த நெருப்பு

அந்தக் காலத்தில், மேற்குக் கடலில் இருக்கும் ஒரு பச்சைத் தீவில், மாடுகளும் பேசும். பொய் சொல்ல மட்டும் அவற்றுக்குத் தெரியாது.

அறுவடை முடிந்து, குளிர்காலம் தொடங்கும் சௌவின் திருநாள். காலையில் அடித்த மழை நெஸ்ஸாவின் கூரையைப் பிய்த்து அடுப்பை அணைத்துவிட்டது. கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு அவள் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

"மூரென் அக்கா, ஒரு கங்கு கொடு. பிள்ளை நடுங்குது."

மூரென் கதவைப் பாதிதான் திறந்தாள். வீட்டு நெருப்பை வெளியே கொடுத்தால் மாட்டின் பாலும் அதோடு போய்விடும் என்று அந்த ஊரில் ஒரு பயம். மூரெனுக்கு இருந்ததோ ஒரே பசு.

"என் அடுப்பும் அணைஞ்சு போச்சு, நெஸ்ஸா."

"அடடா, உனக்குமா!"

அடுத்தடுத்த வீடுகளிலும் அதே பதில்தான். எல்லோருக்கும் அதே பயம். நெஸ்ஸா மூடுபனியில் இறங்கி, இரண்டு மலை தாண்டிப் போனாள்.

மூரென் அடுப்பருகே உட்கார்ந்தாள். நெருப்பு நன்றாக எரிந்தது. அவளுக்குத்தான் அன்று சூடு ஏறவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் தெருவில் ஒரு குரல் கேட்டது.

"எல்லாரும் வாங்க! ஊர்ல ஒரு அடுப்புகூட எரியலைன்னு சொன்னீங்களே, எல்லாருக்கும் சேர்த்தே கொண்டு வந்திருக்கேன்!"

மூரென் பதறி எழுந்தாள். குடத்தோடு தண்ணீரைத் தூக்கி அடுப்பில் கொட்டினாள். பொய்யை மறைக்கவா, மெய்யாக்கவா என்று அவளுக்கே தெரியவில்லை. வீடெங்கும் புகை. அதற்குள் நெஸ்ஸா தீச்சட்டியோடு வாசலில் நின்றாள். சட்டியைப் பிடித்த விரல்கள் கொப்புளித்திருந்தன. குழந்தையின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

உள்ளே கட்டியிருந்த செங்காதுப் பசு இருமியது. "காலையிலிருந்து நல்லாத்தானே எரிஞ்சுது? இப்ப ஏம்மா அணைச்சே?"

மூரெனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. தெரு நெடுக, வீட்டுக்கு வீடு, தண்ணீர் பட்டு நெருப்பு சீறும் ஓசை கேட்டது.

நெஸ்ஸா அதையும் கேட்டாள். குனிந்து, முதல் கங்கை மூரெனின் ஈர அடுப்பில் வைத்து ஊதினாள். நெருப்புப் பிடித்ததும் அங்கேயே உட்கார்ந்து, குழந்தையின் கால்களைச் சூடேற்றினாள். அது வீறிட்டு அழுத பிறகுதான் மூரெனுக்கு மூச்சு வந்தது.

அன்று முதல்தான், அந்தத் தீவில் சௌவின் திருநாள் வந்தால், ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் நெருப்பைத் தங்கள் கையாலேயே அணைத்துவிட்டு, ஒரே தீயிலிருந்து ஊரெல்லாம் கங்கு வாங்கிக்கொள்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "குளிர்காலம் வருதில்லையா" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.