குமிழி விளையாட்டும் ஈச்சங்காட்டுச் சட்டமும்

ஈச்சங்காட்டுக் குளத்தில் விடிகாலையில் மூடுபனி இறங்கும். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று மீன்களுக்கே சந்தேகம் வந்துவிடும். அந்தக் குளத்தின் மேல் சாய்ந்திருந்த ஈச்ச மரத்தில் கொன்றையன் என்ற தூக்கணாங்குருவி கூடு பின்னிக்கொண்டிருந்தான்.

பாதிக் கூடு முடிந்திருந்தது. அவனுடைய துணை சாமை அதற்குள் நுழைந்து, ஆடிப் பார்த்து, அலகால் குத்திப் பார்த்து, திருப்தியோடு வெளியே வந்தாள். "மழைக்கு முன்னாடி வாசல் குழாயை முடிச்சிடுங்க. முட்டையிடுற நாள் நெருங்கிடுச்சு," என்றாள். அவனும் சரி என்றான்.

சொன்னபடி முடித்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

மறுநாள் பனிக்குள்ளிருந்து இரண்டு குமிழிகள் பக்கம் பக்கமாக மேலே வந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன வானம் மிதந்தது. ஒரு சின்ன ஈச்ச மரம் தலைகீழாகத் தொங்கியது. கொன்றையன் தன்னை மறந்து பார்த்தான்.

"எது முதலில் உடையும்? சரியாகச் சொன்னால் ஒரு நார் தருவேன். தப்பாகச் சொன்னால் ஒரு நார் நீ தர வேண்டும்," என்றது ஒரு குரல்.

குரலுக்கு உரியவன் மினுக்கன் என்ற நீர்நாய். ஓடைக்கு அப்பால் இருக்கும் ஏரிதான் அவன் ஊர். ஓடை வழியாக நீந்தி வந்து, தண்ணீரை விட்டு வெளியே வராமலே விளையாட்டு நடத்துவான். வாங்கிய நாரெல்லாம் அவன் வளைக்குள் மெத்தையாகிவிடும்.

கொன்றையன் தயங்கினான். ஈச்சங்காட்டில் ஒரு சட்டம் இருந்தது. காட்டுத் தரையில் யாரும் பந்தயம் கட்டக் கூடாது. திறமைப் போட்டிக்கு மட்டும் தடையில்லை. அதை அவன் நினைவுபடுத்தியதும் மினுக்கன் சிரித்தான். நான் தண்ணீரில் இருக்கிறேன், நீ கிளையில் இருக்கிறாய், இதில் தரை எங்கே வந்தது என்று கேட்டான். அதோடு, பந்தயம் கட்டப்போவது கொன்றையனே இல்லையாம். குளத்துக்குள் தெரிகிற அவனுடைய பிம்பம்தானாம். கொன்றையன் குனிந்து பார்த்தான். பிம்பம் தலையாட்டியது. யார் முதலில் தலையாட்டினார்கள் என்று அவனுக்கே தெரியவில்லை.

முதல் நாள் மூன்று நார் ஜெயித்தான். அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை. இரண்டாம் நாள் ஐந்து நார் தோற்றான். விட்டதைப் பிடிக்க மறுநாள் போனான். கையிருப்பு தீர்ந்ததும் கூட்டிலிருந்தே ஒவ்வொரு நாராக உருவினான். ஒரு வாரத்தில் வாசல் குழாய் வர வேண்டிய இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. காக்கை எட்டிப் பார்த்தால் அடிவரை தெரியும்.

அவன் மட்டுமா? அணில் இலவம்பஞ்சை இழந்தது. மயில் தோகை இறகைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு வெட்கத்தில் புதருக்குள்ளேயே கிடந்தது. விஷயம் காட்டுத் தலைவரான காட்டெருது காதுக்குப் போனது.

காட்டெருது நல்லவர்தான். ஆனால் அவசரக்காரர். உடனே புதுச் சட்டம் போட்டார். பிம்பங்களும் பந்தயம் கட்டக் கூடாது! மீறும் பிம்பத்தைப் பிடித்து வர மடையான் கொக்கை நியமித்தார். மடையான் மூன்று நாள் ஒற்றைக் காலில் நின்று வேலை பார்த்தது. ஒரு பிம்பத்தைக் கொத்தும். அது நெளிந்து கலையும். அலகை எடுத்ததும் மறுபடி கூடிச் சிரிக்கும். கடைசியில் மடையான் தன் பிம்பத்தையே கைது செய்யப் பார்த்துத் தொப்பென்று குளத்தில் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் காடு கூடியது. மினுக்கன் தண்ணீரிலிருந்து தலையை மட்டும் நீட்டினான். இந்த முறை வேறு வாதம் வைத்திருந்தான். தன்னுடையது சூதே இல்லை, திறமை விளையாட்டு என்றான். குமிழியின் பருமன், காற்றின் வேகம், பனியின் கனம், இதையெல்லாம் கணிக்கக் கூர்மையான கண் வேண்டாமா என்று கேட்டான். திறமைக்குத் தடையில்லை என்று உங்கள் சட்டமே சொல்கிறதே என்றான். காட்டெருது அசை போடுவதை நிறுத்திவிட்டு முழித்தார்.

எல்லாரையும் விட வேகமாகத் தலையாட்டியவன் கொன்றையன். பாவம், அவன் கைதேர்ந்த பின்னல்காரன். மெல்லிய நாரைப் பார்த்ததுமே தாங்குமா தாங்காதா என்று சொல்லிவிடுவான். அந்தக் கண்ணுக்குக் குமிழி மட்டும் பிடிபடாமல் போகுமா என்ற நினைப்புதான் அவனைக் கெடுத்தது.

சாமை ஓட்டைக் கூட்டின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"இதுவரைக்கும் எத்தனை கூடு பின்னியிருக்கீங்க?"

"பதினேழு," என்றான் கொன்றையன், கொஞ்சம் பெருமையாக.

"முதல் கூடு எப்படி இருந்துச்சு?"

"அதை ஏன் கேக்குற! ஒரு காத்துக்கு விழுந்துடுச்சு."

"பதினேழாவது?"

"புயலே அடிச்சாலும் நிக்கும்."

"குமிழி எத்தனை ஆட்டம் ஆடியிருப்பீங்க?"

"முந்நூறு இருக்கும்."

"முதல் நாள் உங்க கண்ணுக்கு எவ்வளவு தெரிஞ்சதோ, அதைவிட இப்போ அதிகமாத் தெரியுதா?"

கொன்றையன் இல்லை என்று தலையாட்டினான். குளத்தில் அவனுடைய பிம்பமும் அப்படியே செய்தது. அவனுக்கு அழுகை வந்தது.

காட்டெருது எழுந்து நின்றார். "செய்யச் செய்யத் தேறினால் அது திறமை. முந்நூறு முறை செய்தும் தேறவில்லை என்றால் அது வெறும் அதிர்ஷ்டம். தரையோ தண்ணீரோ பனியோ, எங்கே நடந்தாலும் இங்கே அதற்கு இடமில்லை. ஆடினவனைவிட ஆட வைத்தவனுக்கே முதல் தண்டனை!" என்றார்.

மினுக்கன் தண்டனைக்கு நிற்கவில்லை. முங்கியவன் தன் ஏரியில்தான் எழுந்தான். ஈச்சங்காட்டுச் சட்டம் ஏரிவரை போகாது என்று அவனுக்குத் தெரியும். அடுத்த நாளே தட்டாம்பூச்சிகள் மூலம் காட்டுக்குச் செய்தி அனுப்பினான். ஏரிக்கு வந்தால் முதல் பத்து ஆட்டம் இலவசம்!

செய்தியைக் கேட்டதும் கொன்றையனின் சிறகு தானாகவே விரிந்தது. தன் சிறகைக் கண்டு அவனே பயந்தான். நேராக, ஏரிக்குப் போகும் வழியான ஓடைக்கரைக்குப் போய், அங்கே நின்ற மடையான் முன்னால் உட்கார்ந்தான்.

"அண்ணே, எம்மேல எனக்கே நம்பிக்கை இல்லை. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் நான் இந்தப் பக்கம் வந்தா திருப்பி அனுப்பிடுங்க. நான் என்ன சொன்னாலும் விடாதீங்க," என்றான்.

மடையானுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பிடிக்க முடிகிற ஒருவன் கடைசியில் கிடைத்துவிட்டானே!

நான்காம் நாள் பனி கனமாக இறங்கியது. கொன்றையன் வந்தேவிட்டான். ஒரே ஒரு ஆட்டம் என்று கெஞ்சினான். பிறகு, என் நார், என் இஷ்டம், நீ யார் கேட்க என்று கத்தினான். மடையான் சிறகை விரித்து வழியை மறித்தது. "நீதானப்பா கேட்டுக்கிட்டே," என்று மட்டும் சொன்னது. கொன்றையனின் விரிந்த சிறகு மடங்கியது. பிறகு போகிற வழியில் ஒரு நாணல் கீற்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு மரத்துக்குத் திரும்பினான்.

வாசல் குழாயின் கடைசி முடிச்சைப் போட்ட அன்று மாலை மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. கூடு ஊஞ்சலாக ஆடியது, ஆனால் உள்ளே ஒரு துளி இறங்கவில்லை. அந்த இருட்டுக்குள் சாமை மூன்று வெள்ளை முட்டைகளின் மேல் கண்மூடிக் கிடந்தாள். வெளியே, நனைந்தபடி, கொன்றையன் வாசலைக் காத்து உட்கார்ந்திருந்தான்.

எவ்வளவு பழகினாலும் தேறாத ஆட்டத்தைத் தடுக்க ஊருக்கு ஒரு சட்டம் வேண்டும். அந்தச் சட்டம் எட்டாத இடத்தில் என்னைத் தடுத்து நிறுத்துங்கள் என்று பிறரிடம் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும்.